கழற்றிக் கொடுத்த பெட்டி

திண்டுக்கல்லில் வாடகை வண்டிகளுக்கு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டுவதுதான் என் பிழைப்பு. தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போகும்போது வண்டியில் அந்தப் பெட்டி இருந்தாக வேண்டும். இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் ஒருநாள் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவார்கள். ஊரறிந்த களவாணித்தனம்தான். கழற்றுவதும் நான், மாட்டுவதும் நான். இதில் பெரிய உபகாரி என்ற நினைப்பு வேறு எனக்கு.

அப்படித்தான் சித்தையன்கோட்டைக்காரர் ஒருவர் வந்து கெஞ்சினார். ஷெட்டில் நின்ற என் தம்பியின் வேனில் டேஷ்போர்டுக்குள் மறைவாக இருந்த பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிடும், இதையெல்லாம் அவனிடம் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். மூன்று நாளாகியும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள், சவாரியை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பிய தம்பி, நத்தம் சாலையில் ஓரங்கட்டிப் போன் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் பைக்கில் வந்தவர் மோதி அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஓடிக்கொண்டிருந்த வேன் திடீரென்று பிரேக் அடித்ததால்தான் மோதினார் என்று அவர் வீட்டார் புகார் கொடுத்தார்கள். பார்த்த ஆள் ஒருவருமில்லை.

ஸ்டேஷனில் தம்பி துளிகூடக் கலங்கவில்லை. “வண்டி பத்து நிமிசமா நின்னுக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. எங்கண்ணன் மாட்டுன பெட்டி இருக்கு, அதப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற என்னிடம் பதிவை எடுக்கச் சொன்னார். மோதிய நேரத்தில் தம்பியின் வேன் சித்தையன்கோட்டையில் நின்றதாக அதில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் என் கடைக்குப் பூட்டு. பெட்டி ரிப்பேர், இடத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டேன். நானெல்லாம் ஒரு அண்ணன்! நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கண்டபடி ஓட்டுவதற்காக டிரைவரே பெட்டியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டதாக எழுதிக்கொண்டார். தம்பியின் லைசென்ஸ் போயிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் இப்போது மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிறான். என் கடை நன்றாகவே ஓடுகிறது.

போன வாரம் கோர்ட்டு வாய்தா முடிந்து இருவரும் வெளியே வந்தோம். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டான்.

“நீ ஏண்ணே இம்புட்டு வெசனப்படுற? மிசினு பொய் சொன்னா நீ என்ன பண்ணுவ?”

ஆமாம் தம்பி என்றேன்.