மூன்றாவதாகத் தொட்ட இடம்

மருத்துவக் காப்பீடு விற்பவன் வாயால்தான் பிழைக்க வேண்டும். திண்டிவனம் பக்கத்திலோ அந்த வாயைத் திறக்கவே விடமாட்டார்கள். வியாதியின் பேரைச் சொன்னால் அது வீடு தேடி வந்துவிடுமாம். பிரீமியம் கட்டி நொந்தவர்களே, கட்டச் சொல்லி நொந்தவர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கும் சரோஜாக்காவிடம் ஒருநாள் காலையிலேயே போய்விட்டேன். இன்னும் போணி ஆகவில்லை, வியாதி பேர் எதையும் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாலிசி எடுக்கும் முன்பே உடம்பில் இருக்கிற கோளாறை மறைக்காமல் சொல்ல வேண்டும், மறைத்தால் பின்னால் க்ளெய்ம் கிடைக்காது. பேர் சொல்லாமல் இதை எப்படிக் கேட்பது? "இங்கே ஏதாவது உண்டா? இங்கே? இங்கே?" என்று என் இடது முழங்காலையும், வலது விலாவுக்குக் கீழேயும், கடைசியாக நெஞ்சையும் தொட்டுக் காட்டினேன்.

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்க மேல வச்சிக் காட்டாதீங்க சார். தொட்ட எடத்த ஊதி, கைய ஒதறிட்டு அப்புறம் பேசுங்க."

காத்திருப்புக் காலம்

நான் ஊதவில்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் இடது முழங்கால் மடங்கவில்லை. முந்தின நாள் வரை மாடிப்படியில் ஓடிய கால்! நொண்டிக்கொண்டே பெருமுக்கல் போய், ஏழுமலை என்ற விவசாயிக்குக் காத்திருப்புக் காலத்தை விளக்கினேன். மூட்டு, கல்லடைப்பு மாதிரி சிலதுக்கு, பாலிசி எடுத்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் பணம் தருவார்கள். ஊருக்கெல்லாம் விற்ற எனக்கே என் பாலிசி எட்டு மாதக் குழந்தை.

ஏழுமலை நான் நீட்டிய தாளைப் பார்க்கவே இல்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம் காத்துக்கினு இருன்னு அதுங்கிட்ட யாருங்க போயி சொல்றது?"

கேஷ்லெஸ்

அந்த வாரமே, விழுப்புரம் பஸ்ஸில் வரும்போது வலது விலாவுக்குக் கீழே யாரோ விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஒரு விரல்தான். பயந்துபோய் இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் பித்தப்பைக் கல். டாக்டர் திரையில் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மண்டியில் நான் தொட்ட அதே இடம்.

கேஷ்லெஸ் என்றால் நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டாம், கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும். அந்த ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் மேசையில் இருக்கும் தேவியிடம் எத்தனையோ பேரை நான் கூட்டிப் போயிருக்கிறேன். இப்போது என் கார்டையே நீட்டினேன்.

"ரெண்டு வருசம் ஆவலியே சார். நீங்கதான இத எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருப்பீங்க?"

விலக்கு

எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு பகுதி உண்டு, விலக்கு என்பார்கள். கைக்காசைக் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டு, தையல் பிரித்த மறுநாளே நான் அதை எடுத்து வரி விடாமல் படித்தேன். என் பயத்துக்கு அதில் பேர் இல்லை. மனசு கேட்காமல் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன்.

மண்டியில் மூட்டைகளையும் சரோஜாக்காவையும் தவிர யாருமில்லை. காலையும் வயிற்றையும் பற்றிச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கும் போணி ஆகவில்லை. நான் நினைக்காமலே என் வலது கை நெஞ்சை நோக்கி மேலே போனது. அக்கா எட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வெயிலிலும் அவர் கை சில்லென்று இருந்தது.

"வாயாலயும் சொல்லாதீங்க, கையாலயும் காட்டாதீங்க சார். அது எங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்குது. அதுக்கும் இருக்கும்."

இன்றுவரை அந்த மூன்றாவது இடம் சத்தமில்லாமல்தான் இருக்கிறது; இத்தனை வருஷத்தில் காத்திருப்புக் காலம் என்றால் என்னவென்று அது ஒன்றுக்குத்தான் நான் ஒழுங்காகப் புரியவைத்திருக்கிறேன் போலிருக்கிறது.