மொட்டையடித்த அப்பாவை மகளுக்குத் தெரியவில்லை

கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து, என் நாற்பத்தேழாவது வயதில், மகள் பிறந்தாள். குறைமாதம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதை நான் நிறுத்தவில்லை.

பெட்டிக்கு வெளியே நின்றபோது, இவள் பிழைத்தால் முடி தருகிறேன் என்று படவேட்டு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். மூன்றாம் மாதத்தில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். வேறென்ன வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமையே போய், தலைமுடியையும் மீசையையும் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய மண்டையோடு ஆரணி பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

தொட்டிலில் குனிந்தேன். அவள் பார்வை என்மேல் நிற்காமல் சுவருக்கு நழுவியது. கூப்பிட்டேன். குரலைத் தேடி அங்குமிங்கும் பார்த்துவிட்டு வீறிட்டாள். குறைமாதக் குழந்தைக்குக் கண்ணில் கோளாறு வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையே நானும் மனைவியும் அவளை அங்கே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா ஒரு சிவப்புப் பந்தை ஆட்டினார். மகள் அதையே கண்ணால் தொடர்ந்தாள். டாக்டரம்மா என் தலையைப் பார்த்தார்.

"எப்ப சார் மொட்டை?"

"நேத்துங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கண்ணு நல்லா இருக்கு. முடி முடிஞ்சு நெத்தி ஆரம்பிக்குதே, அந்தக் கறுப்பு ஓரத்தைத்தான் குழந்தைங்க முதல்ல அடையாளம் வெச்சுக்கும். நீங்க அதைப் போய் எடுத்துட்டீங்க."

வெளியே வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "அம்மனுக்குக் குடுத்தீங்க, சரி. பொண்ணு கைல ஒரு வார்த்த கேட்டீங்களா? அட்ரஸையே அழிச்சுகினு வந்து நிக்கிறீங்களே!"

வீட்டுக்குப் போனதும் மனைவியின் கண்மையை எடுத்தேன். பட்டுப்புடவைக் கரைக்கு டிசைன் வரைவதுதான் என் தொழில். ஆனால் என் நெற்றியில் கோடு கோணிக்கொண்டு போனது.

"இந்தக் கையிலதான் கரை போடுறீங்களா? குடுங்க இங்க."

காதிலிருந்து காதுவரை இழுத்து, மேலே முழுவதும் அப்பி, மீசையும் வைத்தாள். நான் தொட்டிலுக்கு மேல் எழுந்தேன்.

மகள் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். பொக்கை வாய் மெல்லத் திறந்து, முகம் மொத்தமும் சிரித்தது.

கதவுக்குப் பின்னால் ஒளிந்து மறுபடி வந்தேன். சிரித்தாள். இன்னொரு தடவை. சிரித்தாள்! வியர்வையில் மை கரைந்து கழுத்துவரை வழிந்தது. ஏழாவது தடவை வந்தபோது தொட்டில் காலியாக இருந்தது.

"அது பால் குடிக்குது," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "யாராவது வர்றதுக்குள்ள ஜல்தியா மூஞ்சியக் கழுவுங்க."