கரண்ட் போன பிறகு

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் இருந்துதான் எழுதுகிறேன்.

தியாகதுருகத்தில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கிரில் பட்டறை. தகடு வெட்ட பிளாஸ்மா கட்டர் வாங்க வசதியில்லை. நாமே செய்யலாம் என்று நான்தான் அவரை இழுத்துவிட்டேன். பழைய வெல்டிங் டிரான்ஸ்பார்மரை வைத்து அதற்கு பவர் சப்ளை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்று சாயங்காலம் ஓட்டிப் பார்க்கும்போது ஊரே இருட்டானது.

"கரண்ட் போச்சுத்தா, தைரியமா தொடுங்க" என்றேன்.

ஸ்பேனரை வைத்துத் தொட்டார். பட்டென்று வெடித்தது. ஸ்பேனர் முனை உருகி, அவருடைய வலது கை கொப்பளித்துவிட்டது.

"இன்னா புள்ள, கரண்டே இல்ல, எப்பிடி அடிக்கும்?"

அவருக்குப் பக்கத்து பேக்கரிக்காரர் மேல் சந்தேகம். "அண்ணே, ஜெனரேட்டர் போட்டு லைன்ல வுட்டியா?"

"அது எப்பவோ ரிப்பேரு பாய். நானே இருட்டுல டீ ஆத்திக்கினு இருக்கேன்."

காரணம் எனக்குத் தெரியும். ஊரில் கரண்ட் போனாலும் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர் சேர்த்து வைத்த கரண்ட் உடனே போகாது. அதை இறக்கிவிடும் ரெசிஸ்டரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டது நான்.

இரவு அவர் ஸ்பூனால் சோறு அள்ளியதைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு இன்னொருதபா ஓட்டிட்டு, மெயினை நானே ஆஃப் பண்ணிக் கழட்டிப் பாக்கறேன். நீ ஸ்கூலுக்குப் போ" என்றார்.

மெயினை ஆஃப் பண்ணினாலும் அந்தக் கெப்பாசிட்டர் மறுபடி அடிக்கும்; அதற்குள் சொல்லியாக வேண்டும். இனி பட்டறைப் பக்கமே வராதே என்பாரோ என்று பயம்.

எப்படி ஆரம்பிப்பது, சொல்லுங்கள். "கரண்ட் போச்சுத்தா" என்று மட்டும் ஆரம்பிக்க மாட்டேன்.