மழை வந்தால் கை கொடுக்கவும்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடைச் சுவரில்தான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் என் மனைவியின் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்காகச் சென்னையிலிருந்து வந்தவன், மிச்சமிருந்த கேசரியிலிருந்து தப்பித்து டீ குடிக்க வந்திருந்தேன். 'மாவட்ட லீக், இரண்டாம் பிரிவு. செம்மண் எஃப்.சி., அதியமான்கோட்டை அணியைச் சந்திக்கிறது. மாலை மூன்றரை மணி. கடத்தூர் களத்து மைதானம். அனுமதி இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'மழை வந்தால் கை கொடுக்கவும்.'

நான் வியாசர்பாடிக்காரன். கால்பந்து எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைக் கேட்பதற்கு முன்னால் மைதானத்தைக் கேட்பேன். ஆனால் இதுவரை பார்த்த எந்தச் சுவரொட்டியும் என்னிடம் உதவி கேட்டதில்லை. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "தீர்த்தமலைக்குப் போலாம்னா முட்டி வலி. பந்துன்னா மட்டும் உங்களுக்குப் புதுசா கால் முளைச்சிடுமே" என்றாள். உண்மைதான். மறுத்துப் பேச வழியில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்றேகால் மணிக்குக் கடத்தூர் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பேருந்து நிறையப் பெண்கள், காலித் தக்காளிக் கூடைகள், ஒரு பையில் இரண்டு சேவல்கள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் நடத்துநர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "இந்தப் பக்கம் சார் ஒருத்தருதான் வருமானம்" என்று பத்தொன்பது ரூபாய்க்குச் சீட்டு கிழித்தார். பக்கத்தில் நின்ற அம்மாள், "அவுரப் பாத்து எறக்கி உடு, கெவருமெண்டு சொத்து" என்றார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

ஊரைத் தாண்டியதும் சிவப்பு மண். அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடு, மரவள்ளி, இடையிடையே புளிய மரங்கள். வத்தல்மலை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதன் உச்சியில் ஒரு மேகம், துவைத்துக் காயப்போட்ட வேட்டி அளவுக்கு. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. முன் இருக்கையில் இருந்தவர் அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அந்த உச்சுக்கு அர்த்தம் மாலையில்தான் புரிந்தது.

கடத்தூரில் இறங்கும்போது மணி இரண்டரை. மைதானம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய். ஓட்டுநர் பெயர் சாதிக், முப்பது வயது இருக்கும். மூன்று மணி ஆகியும் அவர் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருந்ததில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணரைக்கு ஆட்டம் ஆரம்பிச்சிடுவாங்களே" என்றேன்.

"ஆரம்பிக்க மாட்டாங்க சார். கொடி எங்கிட்டத்தான இருக்குது" என்று இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் கொடியை உருவிக் காட்டினார். இந்த லீக்கில் எல்லைக்கோட்டு நடுவர்களை ஆளுக்கொருவராக இரண்டு அணிகளுமே அனுப்ப வேண்டும். செம்மண் அணியின் நடுவர் சாதிக். நடுவரின் வண்டியிலேயே ஆட்டத்துக்குப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

மைதானம் சிவப்புப் பாலைவனம். புல் என்பது மூலைக்கொடிகளின் அடியில் மட்டும். கோல் கம்பங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாய்கள், வலை தக்காளி நாற்றுக்குக் கட்டும் பச்சை நிழல்வலை. ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் பத்தடி தள்ளி சிமெண்டு போட்ட உலர்களம். அது முழுக்க அறுத்து அடித்த கேழ்வரகு வெயிலில் பரப்பியிருந்தது. களத்தின் ஓரத்தில் நான்கு நீலத் தார்ப்பாய்கள் சுருட்டித் தயாராக இருந்தன.

வாசல் என்று ஒன்று இல்லாத இடத்தில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழகச் செயலாளர் கஸ்தூரி. காலையில் பால் சொசைட்டி வேலை, மாலையில் இந்த வேலை. கல்லூரி அணியில் ஆடியவர் என்பது அவர் உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது.

"டிக்கெட்டு கெடையாதுங்க. ஆளுக்கு ஒரு மூலை. உங்குளுக்கு மூணாவது தார்ப்பாய், ரெண்டாவது மூலை. நான் தட்டு அடிச்சதும் ஓடி வந்து புடிக்கோணும்" என்றார். அவர் மடியில் ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பிறகு அவரே சொன்னார்.

"போன மேட்சுல மழ வந்துச்சுங்க. பதினோரு பேரும் ஆட்டத்த உட்டுட்டு ராகி மூட ஓடிட்டாங்க. அது இங்க பழக்கம். களத்துக்காரங்கதான் நெலத்துக்கு மொத உரிமைங்க. மழ வந்தா நாங்க மூடித் தர்றோம்னு சொல்லித்தான் மைதானமே வாங்கினோம். எல்லாம் மூடிட்டுத் திரும்பறதுக்குள்ள இருட்டிப்போச்சு. ஆட்டம் நின்னுபோச்சு. இன்னொரு தடவ நின்னா இங்க மேட்சே கெடையாது, தருமபுரிக்கு வந்து ஆடிக்குங்கன்னு லீக்குல சொல்லிட்டாங்க."

"கேழ்வரகாவது தப்பிச்சுதா?"

"அங்கதான் சார் வெனையே. மாதப்பண்ணன் ராகி மட்டும் நனஞ்சு மொளச்சுப் போச்சு. இனி ஒரு புடி நனஞ்சாலும் கோல் கம்பத்தப் புடுங்கிருவேன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாரு. அவுரு சொன்னா செய்வாரு."

ஆக, ஆட்டம் நின்றால் லீக் மைதானத்தைப் பிடுங்கும், ஆடிக்கொண்டே இருந்து தானியம் நனைந்தால் மாதப்பன் பிடுங்குவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆட்டக்காரர்கள் ஆடட்டும், பார்வையாளர்கள் மூடட்டும் என்று கஸ்தூரி யோசித்த யோசனைதான் அந்தச் சுவரொட்டி வரி.

"மாதப்பன் யாரு?" என்று கேட்டேன். உதட்டாலேயே சுட்டிக் காட்டினார். மூன்றாவது தார்ப்பாயின் முதல் மூலையில், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஒருவர் நின்றிருந்தார். என் ஜோடி.

மூன்று ஐம்பதுக்கு ஆட்டம் ஆரம்பித்தது. பார்க்க நாற்பது பேர் இருந்திருப்போம். தரம் என்று பார்த்தால், வெளிப்படையாகச் சொல்கிறேன், சுமார். பந்து ஒரு கல்லில் பட்டால் ஒரு பக்கம் போகும், அடுத்த கல்லில் பட்டால் வந்த வழியே திரும்பும். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம். செம்மண் அணியின் முதல் கோல் அப்படி ஒரு கல்லின் உபயம்தான். அதியமான்கோட்டைப் பையன்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வளர்ந்தவர்கள், வேகம் என்றால் வேகம். இடைவேளைக்கு முன்னால் ஒன்றுக்கு ஒன்று ஆக்கினார்கள். இடைவேளையில் இரண்டு அணிக்கும் ஒரே குண்டானிலிருந்து மோர் கலந்த கூழ், கூடவே மிளகாய்ப் பொரி. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மாதப்பன் வாங்கவில்லை.

"ஆட்டம் பாக்கலீங்களா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நானு ராகி பாக்க வந்தவன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாம் பாதியில் வத்தல்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மதியம் வேட்டி அளவு இருந்த மேகம் இப்போது கல்யாணப் பந்தல் ஆகியிருந்தது. கஸ்தூரி தட்டையும் கரண்டியையும் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். அப்போது பார்த்துக் களத்துப் பக்கக் கோலில், எங்கள் மூக்குக்கு முன்னால், செம்மண் தடுப்பாட்டக்காரர் ஒருவர் எதிரணிப் பையனின் காலை வாரிவிட்டார். நடுவர் ஊதினார். பெனால்டி.

இந்தச் சீசனில் செம்மண் அணி சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. இது போனால் கையில் இருந்த ஒரு புள்ளியும் போச்சு. கோல்கீப்பர் இன்பா, பால் வண்டி ஓட்டுகிறவர், கையுறையை இறுக்கிக்கொண்டு கோட்டில் நின்றார். நாற்பது பேரும் கோலுக்குப் பின்னால் வந்து குவிந்தார்கள். முப்பது வருடம் பெனால்டி பார்த்தவன், முன்பின் தெரியாத ஓர் அணிக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கண்ணாடியில் ஒன்று. மழை என்று உடம்புக்குத் தெரிந்தது, புத்திக்குத் தெரியவில்லை. கஸ்தூரியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. யாரும் நகரவில்லை. எனக்கு இடப்பக்கம் யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள்: "எடது கால்காரன்டா இன்பா! எடப்பக்கம் பாயுடா! எடப்பக்கம்!" திரும்பிப் பார்த்தேன். மாதப்பன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

இன்பா இடப்பக்கம் பாய்ந்தார். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிவப்பு மண்ணில் விழுந்தார். நாங்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்தோம். என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கியது மாதப்பன்தான். கீழே இறக்கும்போதுதான் அவருக்கு மழை உறைத்தது.

"அய்யய்யோ, ராகி!"

அப்புறம் நடந்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது, படையெடுப்பு. கஸ்தூரி இப்போதுதான் தட்டை அடித்தார், அதுவும் ஓடிக்கொண்டே. நாற்பது பேரும் களத்தில். சிலர் தானியத்தைக் கையாலும் பலகையாலும் நடுவே தள்ள, மற்றவர்கள் தார்ப்பாயை விரித்தோம். காற்று அதைப் பாய்மரம் மாதிரித் தூக்கியது. என் மூலையில் நான் தொங்கினேன் என்பதுதான் சரி. "கல்லு வைங்க சார், கல்லு!" என்று மாதப்பன் கத்த, குனிந்து கல்லைத் தேட, பின்னால் மைதானத்திலிருந்து ஏதோ பெரிய கூச்சல். யாருக்கும் திரும்ப நேரமில்லை. நாலு தார்ப்பாயும் படிந்து, எல்லா மூலையிலும் கல் ஏறி, நிமிர்ந்து பார்த்தபோது, செம்மண் அணியின் பதினோரு பேரும் எதிர்க் கோல் பக்கம் ஒரு குவியலாகக் கிடந்தார்கள்.

"என்னாச்சு? யாரு போட்டா?" என்றார் மாதப்பன்.

யாருக்கும் தெரியவில்லை. செம்மண் அணியின் அந்த வருடத்து முதல் சொந்த மண் வெற்றிக்கான கோலை, பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேழ்வரகு மூடிக்கொண்டிருந்தோம்.

மீதி ஆட்டம் தூறலிலேயே நடந்து முடிந்தது. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. லீக்குக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மழை விட்டதும் எல்லாரும் ஆட்டக்காரர்களிடம் ஓடவில்லை, களத்துக்கு வந்தார்கள். ஆட்டக்காரர்களும் வந்தார்கள். மூன்றாவது தார்ப்பாயை மாதப்பன் தூக்கினார். பெனால்டி பார்த்து நின்ற நேரத்துக்கு விலையாக, ஓரம் முழுக்க ஒரு சாண் அகலத்துக்கு நனைந்திருந்தது. அவர் ஒரு பிடி அள்ளினார். ஈரத்தில் அது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கஸ்தூரி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அண்ணா, தட்டு அடிக்க மறந்தது என் தப்புதான்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோல் கம்பத்தை இந்த ஆள் இப்போதே பிடுங்குவாரா, நாளைக்கா என்றுதான் நான் யோசித்தேன்.

மாதப்பன் கையை உதறினார். "நீ அடிச்சிருந்தா மட்டும் நானு வந்திருப்பனா?" என்றார். பிறகு இன்பாவைப் பார்த்து, கோபமாகவே கேட்டார்: "அந்த ரெண்டாவது கோலு எப்படிடா உழுந்துச்சு?"

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். கடைசியில் சாதிக் கொடியை வைத்துக்கொண்டு ஓடியே காட்டினார். இன்பா கையால் நீளமாக எறிந்தது, ஓரத்தில் ஓடியவர் இரண்டு பேரை ஏமாற்றியது, தூரத்திலிருந்தே அடித்தது. மாதப்பன் கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"நனஞ்ச ராகி நாளைக்கு வெயிலு வந்தா காயும். இதெ இனி எங்க போயி பாக்கறது?" என்றார். பிறகு கஸ்தூரியிடம் சொன்னார்: "அடுத்த மேட்சுக்கு மொத நாளே ஏராளமா ஆளு அனுப்பு. சனிக்கெழமையே வாரி மூட்ட கட்டி வூட்டுக்குக் கொண்டுபோயிரலாம். தார்ப்பாயும் வேணாம், தட்டும் வேணாம். நானு உக்காந்து பாக்கோணும்."

கஸ்தூரி தட்டைக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தார். எதற்கு அடித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சாதிக் காசு வாங்க மறுத்தார். பதிலுக்கு, அந்தக் கோலைக் கடத்தூர் வரை மறுபடி சொல்லிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை ஏமாந்தவர்கள் மூன்று பேர் ஆகியிருந்தார்கள். எங்கள் வியாசர்பாடிப் பக்கம் இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் புல்தரைகள் வந்துவிட்டன. சுற்றிலும் வலை, மேலே விளக்கு, விழுந்த கோலைக் கைபேசியில் பத்துத் தடவை போட்டுப் பார்க்கலாம். நானும் அங்கே காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கிறவன்தான். ஆனால் எனக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, நீ பிடிக்காவிட்டால் ஆகாது என்று இதுவரை எந்த மைதானத்திலும் யாரும் சொன்னதில்லை. இனி அந்த மூலையும் கிடையாது என்று நினைத்தபோது, சந்தோஷமான செய்திதான் என்றாலும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் சட்டையைப் பார்த்தாள். காலருக்குள்ளும் பையிலும் கேழ்வரகு.

"பந்து பார்க்கப் போனீங்களா, கதிரடிக்கப் போனீங்களா? எத்தனை கோல்?"

"மூணு."

"நல்லா இருந்துச்சா?"

"ரெண்டு சுமார். மூணாவதுதான் பிரமாதம்" என்றேன்.