நிலைவாசலில் கேட்ட தட்டல்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தச்சுப் பட்டறையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எழுபதுகளில் ஒரு புயலுக்குப் பிறகு, சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் டச்சுக்காரர் காலத்து வீடு ஒன்றைப் பழுது பார்க்கப் போயிருந்தேன், கூட என் மச்சான் அந்தோணி, கொத்தனார். கூரையில் பாதி பறந்திருந்தது, சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அங்கே வீட்டுக்கார ஸ்டெல்லாம்மா மட்டும்தான் இருந்தார். புயலன்று அவர் கணவர் மாட்டை அவிழ்த்துவிட வெளியே போயிருக்கிறார், திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறார், மழையில் ஊறிய கதவு இறுகிக்கொண்டது, அம்மா உள்ளேயிருந்து இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார், அசையவில்லை, பிறகு தட்டல் நின்றுவிட்டது. கடல் கொண்டுபோய்விட்டது. இதை அவரே சொன்னார், அழாமல்.

"அந்தக் கதவ எடுத்துடுப்பா. வேற போடு."

நல்ல வெயில் நேரம். கதவைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்துவிட்டு வந்தேன். வாசல் வெறுமையாக நின்றது, அந்தப் பக்கம் மணலும் கடலும்தான். அளவெடுக்கக் குனிந்தபோது தட்டல் கேட்டது. ஈர மரத்தைக் கைமுட்டியால் தட்டுகிற சத்தம், என் முகத்துக்கு நேரே, ஒன்றுமே இல்லாத இடத்தில்.

"இன்னா மச்சான், யாரு தட்டிக்கினு கீறது?" கூரைமேலிருந்து அந்தோணி கேட்டான்.

ஸ்டெல்லாம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"உனக்கும் கேக்குதா?"

தலையாட்டினேன். புயலிலிருந்தே அந்தத் தட்டல் கேட்கிறதென்று அவர் சொன்னதை அதுவரை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லையாம். அப்போதுதான் அழுதார். அழுதபடியே வெற்று வாசலைப் பார்த்து, "தொறந்துதாங்க இருக்கு, உள்ள வாங்க," என்றார்.

தட்டல் நின்றது. அம்மா ஒதுங்கி வழிவிட்டார். நானும் ஒதுங்கினேன், யாரும் சொல்லவில்லை, சில்லென்று ஏதோ என் தோளை அழுத்திவிட்டு உள்ளே போயிற்று. சட்டையில் அந்த இடம் மட்டும் சொட்டச் சொட்ட ஈரம்.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப நனைஞ்சிருந்தாராப்பா?"

"ஆமாம்மா," என்றேன்.

புதுக் கதவை மாட்டிவிட்டு ஊர் திரும்பினோம். அந்தோணி அந்த ஈரத்தை வேர்வை என்றான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது என்னைக் கடந்து உள்ளே போனபோது, களைத்துப்போன ஆள் விழாமலிருக்கப் பிடித்துக்கொள்வதுபோல என் தோளில் ஒரு கனம் இருந்தது. அது குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.