நீச்சல்குளம் உள்ள ஊராகப் பார்த்து

குறைந்த செலவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது எப்படி என்று எங்கள் தெருவில் யாருக்காவது யோசனை வேண்டுமென்றால் எர்லிந்தாவிடம்தான் போவார்கள். அவளுக்கு எல்லாம் அத்துப்படி. எந்தக் குளத்தில் உயரம் பார்த்துப் பிள்ளைகளைச் சும்மா விடுவார்கள், எங்கே வயது கேட்பார்கள், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத காவலாளியிடம் எப்படிப் பேசினால் இளகுவான், எந்தப் பாதிரியார் கோயில் மண்டபத்தில் படுக்க இடம் தருவார், எல்லாம் சொல்வாள். வயது கேட்கிற இடத்தில் அவள் மகன் உரியேலுக்கு வருடா வருடம் நாலு வயதுதான். அவனும் டிக்கெட் ஜன்னலைக் கண்டதும் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொள்வான். ஏழு வயதிலும் அதைச் செய்தான், கள்ளப்பயல்.

ஆனால் எந்தெந்த ஊரில் நிற்பது என்று அவள் எப்படி முடிவு செய்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பிணவறை உள்ள ஊராக இருக்க வேண்டும். பக்கத்திலேயே பிள்ளைகளை விட்டுவைக்க ஒரு நீச்சல்குளமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் எங்கள் உல்லாசப் பயணம் அங்கே நிற்கும். காணாமல்போன புருஷனை அவள் அப்படித்தான் தேடினாள்.

என் பெயர் தோமித்தீலா. அவள் மகள் நயெலிக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் எர்லிந்தாவும் நானும் ஒருவரையொருவர் "கொமாத்ரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கார் என்னுடையது. என் வீட்டுக்காரர் டாக்சியாக ஓட்டித் தேய்த்துவிட்டுப் போன பழைய நிசான். ஓட்டுவதும் நான்தான்.

எர்லிந்தா உயர்நிலைப் பள்ளி வாசலில் ஜெல்லி விற்கிறவள். சின்ன உருவம், பெரிய வாய். கடன் சொல்லும் பையன்களை, "மீசை முளைச்ச அளவுக்குக் காசு முளைக்கலையாடா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாள். அவள் புருஷன் ஃபிதென்சியோ அதற்கு நேர் எதிர். கன்னியாஸ்திரீகளின் அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். அப்பன் யார், ஆத்தாள் யார் என்று அவனுக்கே தெரியாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை யாரோ கேலி பேச, "என் சொந்தக்காரங்க எல்லாம் இனிமேதான் பொறக்கப் போறாங்க" என்றான். அவன் அதிகம் பேசி நாங்கள் கேட்டது அன்று ஒருநாள்தான்.

போர்வை வியாபாரம். பிக்கப் வண்டியில் போர்வைகளை அடுக்கிக்கொண்டு வடக்கே போகும் சாலையில் ஊர் ஊராக விற்பான். குளிர் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை போனவன், ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்து, டயர் மாற்றியாயிற்று, நாளைக்கு வந்துவிடுவேன் என்றான். அதற்குப் பிறகு அவனும் இல்லை, வண்டியும் இல்லை, போர்வைகளும் இல்லை. புகார் கொடுக்கப் போனால், எழுதிக்கொண்ட ஆள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எவளையாவது கூட்டிட்டுப் போயிருப்பாம்மா. ஆசை தீந்ததும் வருவான்."

எர்லிந்தா அவன் மேஜையிலிருந்த காப்பியை அவன் தாள்கள்மேல் கவிழ்த்துவிட்டு வந்தாள். அப்போது நான் சந்தோஷப்பட்டேன். அவன் நாசமாய்ப் போகட்டும் என்று இன்றும் சபிக்கிறேன். யாருடைய ரத்தத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு.

பிள்ளைகளிடம் அவள் சொன்னது இது: அப்பா அந்தப் பக்கம் போயிருக்கிறார். எல்லைக்கு அப்பால், வேலைக்கு. எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் அந்தப் பக்கம்தான், அதனால் யாரும் துருவிக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளில் அங்கிருந்து பரிசு வரும். சந்தையில் வாங்கிய பொம்மையை நான்தான் பெட்டியில் வைத்து ஒட்டுவேன். நயெலி அந்தப் பெட்டியை மோந்து பார்த்து, "அப்பா வாசனை அடிக்குது" என்பாள்.

தேடலுக்கு ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். பள்ளி விடுமுறை, எல்லாக் குடும்பமும் சாலையில் இருக்கும், கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம். வடக்கே போவதற்கு இரண்டு சாலை. சுங்கம் வாங்கும் நல்ல சாலை ஒன்று, சும்மா போகும் பழைய சாலை ஒன்று. ஆட்கள் காணாமல் போவது பழைய சாலையில்தான். முட்டையை வீட்டிலேயே அவித்து எடுத்துக்கொண்டு, ரொட்டிக்குள் பீன்ஸை அடைத்து, தண்ணீர் பாட்டிலைக்கூடக் குழாயடியில் நிரப்புகிற எர்லிந்தா, சுங்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டாள்.

"எங்க வேணாலும் மிச்சம் புடிக்கலாம் கொமாத்ரே, இதுல வேணாம். வண்டியில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

குளத்தை அடைந்ததும் பிள்ளைகளுக்கு முகத்தில் கிரீம் பூசிவிட்டு, "ஐஸ் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள். நான் கரையில் உட்கார்ந்து உரியேலின் தலையை அடுப்பிலிருக்கும் எண்ணெய்ச் சட்டிபோலக் கண்காணித்துக்கொண்டிருப்பேன். அவள் பிணவறையில் போட்டோ ஆல்பம் பார்ப்பாள். அடையாளம் தெரியாதவர்களின் ஆல்பம். கை, கால், துணி, பச்சை குத்திய தோள், முகம் என்று சொல்ல முடியாத முகம். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் மருந்து வாடை. ஐஸ் பையை என் மடியில் போட்டுவிட்டு, உடுத்திய பாவாடையோடு குளத்தில் குதித்துவிடுவாள். வாடை போவதற்கு. பிள்ளைகளுக்கு அது ஒரே கும்மாளம். "அம்மாவுக்குப் பைத்தியம்! அம்மாவுக்குப் பைத்தியம்!" என்று கத்திக்கொண்டு அவள்மேல் ஏறுவார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டோர்ட்டியா ரொட்டிக் கடை வரிசையில் எங்கள் தெரு ரெஃபூகியோ ஒருநாள் ஆரம்பித்தாள்.

"இந்த வருஷமும் டூரா எர்லிந்தா? புருஷன் அங்க முதுகு ஒடிய உழைக்கிறான், நீ இங்க குளம் குளமா முழுகுற. குடுத்து வெச்சவடி."

"பொறாமையா இருந்தா நீயும் முழுகேன். யாரு கையப் புடிச்சா?" என்று எர்லிந்தா சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள். எனக்கு அந்த ரெஃபூகியோவின் கொண்டையைப் பிடித்து இழுக்கலாம்போல இருந்தது. உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் என்ன செய்ய?

மூன்றாவது பயணம். பெரிய வியாழனுக்கு முந்தின நாள். வழக்கம்போல் நான் கரையில், பிள்ளைகள் தண்ணீரில். எர்லிந்தா திரும்பி வந்தாள். கையில் ஐஸ் இல்லை. குளத்தில் குதிக்கவும் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பிணவறையில் புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தாளாம், சின்ன வயது. ஆல்பத்தை எர்லிந்தாவின் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டாளாம்.

"முகமே இல்லாததுல முகத்தைத் தேடறீங்களேம்மா. டி.என்.ஏ. ஒத்துப் பாக்க ரத்தம் குடுத்திருக்கீங்களா?"

"எவ்ளோ வேணாலும் எடுத்துக்கோங்க டாக்டர்."

"உங்க ரத்தம் எதுக்கு? நீங்க பொண்டாட்டிதானே. அவரு அம்மா அப்பா இருக்காங்களா?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"அவருக்கு யாருமே இல்ல."

"பிள்ளைங்க?"

எர்லிந்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு வருஷம் கொமாத்ரே. தேவையானதைக் குளத்துல விட்டுட்டு நான் மட்டும் போய் வந்திருக்கேன்."

அவளைத் தேற்றுவதை விட்டுவிட்டு, "பெரியவகிட்டச் சொல்லிடு" என்றேன். "இப்பவே சொல்லு. அவளுக்குப் பதினோரு வயசு."

"அதோ பாரு எப்படி நீந்தறா. இவகிட்ட இப்பப் போயி என்னன்னு சொல்லச் சொல்ற?"

மறுநாளிலிருந்து அலுவலகம் பூட்டிவிடுவார்கள். யோசிக்க நேரமில்லை. பிள்ளைகளைத் துவட்டி, ஈரத் தலையோடு கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னாள். நடையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நல்லவேளை, அங்கே பிள்ளைகள் கண்ணில் படும்படியாக எதுவும் இல்லை. டாக்டர் சின்ன அட்டையையும் ஊசியையும் எடுத்து வந்தாள். உரியேல் அலற ஆரம்பித்தான். நயெலி அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

"அம்மா, இது அந்தப் பக்கம் போறதுக்குத்தானே? நம்ம தெரு லூப்பேவை அவ அப்பா அங்க கூப்பிட்டப்பவும் இப்படித்தான் ரத்தம் எடுத்தாங்க!"

எர்லிந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவள் தலையை அசைத்தாள், ஆமாம் என்று.

"அப்பா கூப்பிட்டுட்டாரு!" நயெலி டாக்டரிடம் விரலை நீட்டினாள். "ஒரு விரல் போதுமா? இன்னும் வேணும்னா எடுத்துக்கோங்க. டேய் அழாதடா. அப்பாகிட்டப் போறோம். பல்லு விழுந்த உன் மூஞ்சியப் பாத்தா அவருக்கு அடையாளமே தெரியாது." டாக்டர் அட்டையில் ரத்தத்தை ஒற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு நயெலி தன் சாமான்களைப் பங்கு போட ஆரம்பித்தாள். பயணத்துக்குப் பாரம் கூடாதாம். சக்கரக் காலணி எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, கதைப் புத்தகங்கள் ரெஃபூகியோவின் பேத்திக்கு. ஒவ்வொன்றாகப் போவதை எர்லிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நிறுத்தச் சொல்லேன்டி" என்று நான் கத்தினேன். "பதில் வரட்டும். ஒருவேளை வராமலே போனா?" என்றாள். அவளுக்கும் அந்தப் பொய்யில் கொஞ்சம் இளைப்பாறக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் பதில் வந்தது. பிள்ளைகளின் ரத்தம் ஒருவனோடு பொருந்திவிட்டது. நாங்கள் முதல் வருடம் முதன்முதலாக நின்ற ஊர். அவன் காணாமல்போன மாதத்திலிருந்தே அங்கே பெட்டியில் கிடந்திருக்கிறான். எர்லிந்தா அவன் படத்தைப் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள். அப்போது சாலைக்கு இந்தப் பக்கம் குளக்கரையில் நாங்கள் மாம்பழ ஐஸ் தின்றுகொண்டிருந்தோம்.

அன்று பிற்பகல் அடுக்களையில் வைத்து நயெலியிடம் சொன்னாள். நானும் இருந்தேன். மறைக்காமல் முழுவதும் சொன்னாள்.

"அப்ப அவரு அந்தப் பக்கம் போகவே இல்லையா?"

"இல்ல கண்ணு."

"பொம்மை எல்லாம்?"

"நான் வாங்கினது."

"என் ரத்தத்த வெச்சுத்தான் கண்டுபுடிச்சாங்களா?"

"ஆமாடி தங்கம்." இதைச் சொன்னால் பிள்ளைக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று எர்லிந்தா நம்பினாள். "நீ குடுத்ததாலதான் அப்பா கெடச்சாரு. இல்லன்னா எப்பவுமே கெடச்சிருக்க மாட்டாரு."

நயெலி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் குடுக்காம இருந்திருந்தா அவரு இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்திருப்பாரு."

எர்லிந்தா அவளை அணைக்கப் போனாள். பிள்ளை கதவோரம் ஒதுங்கி நின்றாள். நானும் ஏதேதோ சொன்னேன், அறிவுக்குப் பொருந்துகிற மாதிரி. எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

எலும்புகளை வாங்கி வர நாங்கள் இருவரும் மட்டும் போனோம். எங்கள் ஊர்க் கல்லறையில் வைத்தோம், பாதிரியார் வந்து மந்திரித்தார், ரெஃபூகியோ வந்து அழுதாள். நயெலி வரவில்லை. இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே யாராவது கேட்டால், அப்பா அந்தப் பக்கம் வேலை செய்கிறார் என்று சொல்கிறாளாம். வாசலில் ஜெல்லி விற்றுக்கொண்டு நிற்கும் எர்லிந்தாவின் காதிலும் அது விழுகிறது. அவள் திருத்துவதில்லை.