நல்ல தண்ணி கேட்ட அன்று

1985-ஆம் வருடம், மாசி மாதம். நாமக்கல்லில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குச் செய்முறைத் தேர்வு எழுதப் போயிருந்தேன். நாலு மாதக் கைக்குழந்தையை எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பால் கொடுத்தது போதுமா, மாற்றுத்துணி இன்னும் ரெண்டு வைத்திருக்கலாமோ என்று மனசு வாசலிலேயே நின்றது.

பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டேன். செய்முறைத் தேர்வு நேரத்தில் அம்மை போட்டுவிட்டதால் அது மட்டும் நின்றுபோய், சான்றிதழ் கைக்கு வரவில்லை. அதற்குள் கல்யாணம், குழந்தை. ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்தான் தானாகவே விண்ணப்பம் வாங்கி வந்து நிரப்பினார். மாமியார் மட்டும், "இந்த ஒருக்காத்தான் சாமி. தேறலீன்னா அதோட உட்டுப்போடோணும்" என்று சொல்லியிருந்தார். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி கேட்க எனக்கும் வாய் வராது.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவுகிற அலாரம் செய்து காட்ட வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர். இரண்டு வயர் முனைகள் தண்ணீரில் பட்டால் பஸ்ஸர் கத்தும், அவ்வளவுதான். புதுச்சத்திரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அதே மாதிரி ஒன்று செய்து, கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் வைத்து இருபது தடவையாவது சரிபார்த்திருந்தேன். அந்தச் சத்தத்தில் குழந்தை சிரிக்கவே பழகிவிட்டாள்.

ஈயம் வைத்து எல்லாவற்றையும் ஒட்டி முடித்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் கலங்கல் தண்ணீரை வைக்கக் கூடாதே என்று, லேபில் உதவிக்கு இருந்த அண்ணனிடம், "அண்ணா, நல்ல தண்ணியாக் கொண்டாங்க" என்றேன். அவரும் கண்ணாடி டம்ளரில் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார்.

வயரை முக்கினேன். சத்தமே இல்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் மாற்றி வைத்துவிட்டேனா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வயரைத் தண்ணீரிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து வெளியே குழந்தை வீறிட்டாள். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்து, "ஏம்புள்ள, பாட்டெல்லாம் பாடிப் பாத்துட்டேன், நிறுத்தவே மாட்டீங்கறா" என்றார்.

"நீங்க பாடுனதுலதான் அழுதிருக்கும். குழந்தைய அம்மாகிட்டக் குடுங்க" என்றார் தேர்வாளர்.

ஓடிப்போய் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி, அதன் ஓரத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுகையை நிறுத்தினாள். நிறுத்திய கையோடு, மேசைமேல் ஒன்றுக்குப் போய்விட்டாள். அது என் சேலையை நனைத்து, மேசையில் ஓடி, அங்கே கிடந்த இரண்டு வயர் முனைகளையும் நனைத்தது.

பஸ்ஸர் கத்தியது. லேபே திரும்பிப் பார்த்தது. தெரிந்த சத்தம் கேட்டதும் என் மகள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். எனக்கோ அவமானத்தில் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "இதுக்குக் கூவுது. அதுக்கு ஏன் கூவல? சொல்லும்மா" என்றார்.

நான் அந்த அண்ணனைப் பார்த்தேன். அவர் பாவம், பயந்துபோய், "நல்ல தண்ணிதானே கண்ணு கேட்ட? பேட்டரிக்கு ஊத்தற சுத்தமான தண்ணி. இதுக்கு மேல நல்ல தண்ணி இந்தப் பள்ளிக்கூடத்துலயே இல்லையே" என்றார்.

சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். குழந்தை போனதிலும் உப்பு உண்டு. உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும். காய்ச்சி வடித்த தண்ணீரில் அதற்கு வழி கிடையாது. திக்கித் திணறிச் சொல்லி முடித்து, வயரைத் துடைத்து, பள்ளிக்கூடத்து அடிபம்பில் ஒரு டம்ளர் பிடித்துவரச் செய்து முக்கினேன். கணீரென்று கூவியது. அப்போதுதான் தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். "மார்க்குல பாதி பாப்பாவுக்குத்தான்" என்றார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் வீட்டுக்காரர், "நாங்க போர் போட்டு உப்புத் தண்ணி வந்தா ஊரே வையுது. உன்னைய அதுதான் பாஸ் பண்ண வெச்சிருக்குது" என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சான்றிதழ் வந்ததும் மாமியார் அதை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வீட்டில் செய்து பார்த்த அலாரம் இன்றைக்கும் எங்கள் தொட்டியில் கூவிக்கொண்டிருக்கிறது.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறாள். சாப்பாடு, பள்ளிக்கூடம், சிநேகிதம் எல்லாமே அவளுக்கு ஒரு குறையும் இல்லாத நல்லதாக அமைய வேண்டும் என்று நான் தவிக்கும்போதெல்லாம், அன்றைக்குக் கண்ணாடி டம்ளரில் பளபளவென்று, சத்தமே இல்லாமல் நின்ற அந்த நல்ல தண்ணீர் நினைவுக்கு வந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறது.